உடையவனும் உடைமையும்: வாயில்லா ஜீவன்களையும் அவற்றை வளர்க்கும் எளியோரையும் பற்றி ஒரு விசாரம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரிய திருமொழியின் ஐந்தாம் பத்தில் எட்டாம் திருமொழி, திருமங்கையாழ்வார் திருவரங்கத்து எம்பெருமான் திருவடிகளிலே சரணம் புகும் பதிகம். தமக்கு முன்னே அவனுடைய அருளுக்கு இலக்கானவர்களை ஒவ்வொருவராக முன்னிட்டு, அவர்களுக்கு இரங்கியது போலவே எனக்கும் இரங்கவேண்டும் என்று ஆழ்வார் விண்ணப்பம் செய்கிறார். அவர் முன்னிடும் வரிசையைச் சற்றே நோக்கவேண்டும். முதலில் வேடர் தலைவரான குகப்பெருமாள். அடுத்து வானர ஜாதியில் பிறந்த திருவடி. மூன்றாவது, மடுவின் கரையிலே முதலையிடம் அகப்பட்டு அலறிய ஆனை. நான்காவது, கருடனுக்கு அஞ்சி வந்து அடைக்கலம் புகுந்த ஒரு நாகம். வேதம் ஓதியவரும் அரசரும் இவர்களுக்குப் பின்னரே இப்பதிகத்தில் வருகிறார்கள். ஒரு வேடர், ஒரு குரங்கு, ஒரு யானை, ஒரு பாம்பு என்று தொடங்கும் இப்பட்டியலைக் காட்டியே நம் ஆழ்வார் தமக்கும் வழி கேட்கிறார்.

இவற்றுள் முதலாவதான குகப்பெருமாள் விருத்தாந்தத்திலே, நாம் பலமுறை படித்தும் கவனியாமல் கடந்துபோகும் ஒரு செய்தியை ஸ்ரீவால்மீகி பகவான் அயோத்யா காண்டத்தில் வைத்திருக்கிறார். கங்கைக் கரையிலே, சிருங்கிபேரபுரத்தில், பெருமாளை எதிர்கொண்ட குகன் பலவகை உணவும் படுக்கையும் கொண்டுவந்து நிற்கிறான். தாம் தவக்கோலம் பூண்டிருப்பதால் அவற்றை ஏற்பதற்கில்லை என்று பெருமாள் மறுத்துவிடுகிறார். அன்றிரவு இளையபெருமாள் கொண்டுவந்த தண்ணீரைத் தவிர அவர் வேறொன்றும் அமுதுசெய்யவில்லை. ஆயினும் தோழனை வெறுங்கையனாக அனுப்பாமல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அது தேரில் பூட்டி வந்த குதிரைகளுக்குத் தீவனம். அதற்கு அவர் சொன்ன காரணம், அக்குதிரைகள் தம் தந்தையான தசரத சக்கரவர்த்திக்கு மிகவும் உகந்தவை என்பது. அவற்றை நன்றாகப் பேணினால் தமக்கே உபசாரம் செய்ததாகும் என்றும் அருளிச்செய்கிறார். குகனும் உடனே தன் ஆட்களை அழைத்துக் குதிரைகளுக்குப் புல்லும் நீரும் இடக் கட்டளையிடுகிறான்.

இதிலே இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. வாயில்லா ஜீவனின் பசி ஒன்று. அந்த ஜீவனிடத்தில் அன்பு வைத்து, இப்போது அதைப் பேண இயலாதபடி எங்கோ துயரத்தில் கிடக்கும் உடையவனின் நெஞ்சம் மற்றொன்று. பெருமாள் குதிரையின் பசியை மட்டும் பார்க்கவில்லை, அக்குதிரையை உகந்தவரையும் சேர்த்தே பார்த்தார். ஏழை எளியவர்கள் வளர்க்கும் பிராணிகளுக்கு ஊர்கூடி உதவுவது தர்மமா, அன்றி வீண் செலவா என்று இன்று எழும் வினாவுக்கு, அடியேனுக்குத் தெரிந்தவரை இந்த இடமே விடைக்கு வாசல்.

இவ்வினா எழும் நிலம் ஒன்றைக் கண்முன் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். நம்மாழ்வார் திருவவதாரம் செய்தருளிய திருக்குருகூர் இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தின் வடபாகத்தில் கோவில்பட்டியும் எட்டயபுரமும் விளாத்திகுளமும் இருக்கின்றன. அங்கே தாமிரபரணி பாயும் வயல்கள். இங்கே வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் காலைப் பற்றி இழுக்கும் சேறு, கோடையில் கை நுழையும் அளவு வெடிப்பு. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் பருத்தியும் மல்லியும் விதைக்கிறார்கள். அந்த மழை தவறினால் அவ்வாண்டு தவறியதாகவே கொள்ளவேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் பேச்சு இப்பக்கத்துத் தென்மாவட்டங்களின் வாய்மொழியில் நெடுங்காலம் நின்றதற்குக் காரணமும் இதுவே. அப்படிப்பட்ட பஞ்சத்தில் மனிதருக்கு முன்னரே மாடும் ஆடும் மடியும். அவை மடிந்தபின் உழவும் இல்லை, எருவும் இல்லை.

இந்த மண்ணில் பிராணி வளர்ப்பு பொழுதுபோக்காக வந்ததன்று. இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்குக் ‘கிடை’ என்றே பெயரிட்டார். இரவிலே ஆட்டுமந்தையைப் புஞ்சையில் அடைத்து நிலத்துக்கு எருவூட்டும் முறைக்குக் கிடை என்று பெயர். மேனியில் செம்பழுப்புப் புள்ளிகள் கொண்ட வேம்பூர் ஆடு இவ்வட்டாரத்துக்கே உரியது. அந்தக் கிடைகளுக்கும் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் காவலாக வந்தவையே கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் முதலான நாய் வகைகள். ராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இம்மூன்று வகைகளின் பெயரையும் எடுத்துச் சொன்னார். இனத்தின் பெயருக்கு வந்த இப்பெருமை, அந்நாயை வாசலில் கட்டிப்போட்டிருக்கும் மேய்ப்பனின் கஞ்சிக் கலயத்தை எட்டுவதில்லை.

இத்தகைய ஊர் ஒன்றில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கணவனை இழந்த ஒரு மூதாட்டி. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்த கைகளில் இப்போது வலுவில்லை. இரண்டு வெள்ளாடுகளும், கணவன் காலத்தில் வந்த ஒரு நாயும் இருக்கின்றன. இரவில் அவளுக்குத் துணை அந்த நாய் ஒன்றுதான். ஒருநாள் சாலையில் வண்டி மோதி அதன் கால் முறிகிறது. அரசு கால்நடை மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பெரிதாகப் பணம் கேட்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அங்கே கொண்டுசெல்ல ஆட்டோவுக்கும், வெளியில் வாங்கச் சொல்லும் மருந்துக்கும் அவளிடம் பணமில்லை. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தார் சொல்வதெல்லாம், “ஆத்தா, ஒனக்கே கஞ்சிக்கு வழியில்ல, இதுக்கு என்னத்தப் பாக்க? கொண்டுபோயி எங்கயாச்சும் விட்ரு” என்பதே. இப்படி ஒருத்தி வந்து நம் வாசலில் நின்றால் நாம் செய்யவேண்டியது என்ன? இதுவே கேள்வி.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் நான்கு. அவற்றைப் புறந்தள்ளாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே முறை.

முதல் வாதம்: மனிதருக்கே இல்லாதபோது விலங்குக்குச் செலவிடலாமா? ஒரு குழந்தையின் மருந்தும் ஒரு நாயின் மருந்தும் ஒரே சமயத்தில் ஒரே காசை நோக்கி நின்றால், குழந்தைக்கே கொடுக்கவேண்டும். இதில் ஐயமில்லை. ஆனால் நாம் அன்றாடம் காணும் நிலைமை அதுவன்று. இவ்வாதத்தைச் சொல்லி நாய்க்கு மறுத்த காசு குழந்தைக்குச் சென்றதா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் தலைகுனியவே நேரும். அன்றியும் இவ்விரண்டையும் எதிரெதிர் தட்டில் வைப்பதே பொருந்தாது. அந்த மூதாட்டிக்கு ஆடு என்பது மருத்துவச் செலவுக்கு வைத்திருக்கும் கையிருப்பு. நாய் என்பது இரவுக்காவல். அவற்றுக்குச் செய்வது அவளுக்கே செய்வது. சிருங்கிபேரபுரத்திலும் பெருமாள் அன்று பட்டினி. இருந்தும் குதிரைக்குக் கேட்டார். தமக்கு இல்லாதபோது பிற உயிருக்குக் கேட்கலாகாது என்ற நியாயம் அவர் திருவுள்ளத்தில் தோன்றவில்லை.

இரண்டாம் வாதம் இதனினும் வலியது: வளர்க்க வசதி இல்லாதவர் ஏன் வளர்க்கவேண்டும்? சொல்பவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். பிராணி துன்பப்படுமே என்ற கவலையிலேதான் இப்படிச் சொல்கிறார்கள். இதன் முடிவு, அப்பிராணியை அவளிடமிருந்து எடுத்து வசதியுள்ள இடத்தில் சேர்த்துவிடுவது. மீட்பு என்ற நல்ல பெயரும் அதற்கு உண்டு.

இவ்விடத்தில் நம் ஸம்ப்ரதாயத்தின் சொல் ஒன்று உதவுகிறது. ஜீவனுக்கும் எம்பெருமானுக்கும் உள்ள ஒன்பது வகை ஸம்பந்தங்களைப் பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்திருக்கிறார். தந்தை மகன், காப்பவன் காக்கப்படுவது, சேஷி சேஷன் என்று செல்லும் அவற்றில் ஒன்று ஸ்வாமி ஸ்வம், அதாவது உடையவன் உடைமை என்னும் உறவு. இந்த உறவை நம் பூர்வர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள்? ஒரு பொருள் தொலைந்தால் தவிப்பதும் தேடுவதும் அப்பொருளன்று, உடையவன். கிடைத்தபோது மகிழ்பவனும் அவனே. ஆகவே ஜீவன் எம்பெருமானை அடைவது ஜீவனுடைய லாபம் என்பதைக்காட்டிலும் எம்பெருமானுடைய லாபம் என்றே ஸம்ப்ரதாயம் கொண்டாடுகிறது. உடையவன் என்பதற்கு இங்கே செல்வன் என்று பொருளன்று. இழக்கத் தரியாதவன் என்று பொருள். பெரிய பெருமாள் உபயவிபூதியையும் கொடுத்து எம்பெருமானாருக்கு உடையவர் என்று திருநாமம் சாற்றியபோது, அந்தத் துறவியிடம் பொற்குவியல் ஒன்றும் இருக்கவில்லை. இருந்தது, ஒருவரையும் இழக்க மனமில்லாத கிருபை.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், கால் முறிந்த நாயைத் தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கும் அந்த மூதாட்டி உடையவளா, அல்லளா? அவளிடம் இல்லாதது பணம்; உடையவளாயிருக்கும் தன்மை குறைவறவே இருக்கிறது. பணமின்மையைக் காரணம் காட்டி அந்த உறவை அறுப்பவன் நாய்க்கு நல்ல உணவு கொடுக்கலாம். நாய்க்கும் அவளுக்கும் இருந்த ஒன்றை இரண்டு பக்கத்திலும் பறித்துவிடுகிறான். பெருமாளைக் காட்டில் விட்டுத் தேரைத் திருப்பியபோது குதிரைகள் வழிச்செல்லாமல் நின்று வெந்நீர்க் கண்ணீர் உகுத்தன என்று சுமந்திரன் தசரதனிடம் சொல்கிறான். அயோத்தியின் லாயத்தில் அவற்றுக்குக் கொள்ளுக்குக் குறைவா?

மேலும் வறுமை என்பது பலருக்கும் வளர்க்கத் தொடங்கியபின் வந்தது. மழை பொய்த்தது, கணவன் மாண்டான், உடல் ஓய்ந்தது. உறவு முன்னே, வறுமை பின்னே. பின்னால் வந்த வறுமை முன்னால் இருந்த உறவை எப்படிச் செல்லாததாக்கும்? தாது வருஷத்தில் கஞ்சிக்கில்லாமல் போனவனை நோக்கி, நீ ஏன் பிள்ளை பெற்றாய் என்று கேட்பதைப் போன்றதல்லவா அது?

இதற்கும் ஓர் எல்லை உண்டு. உறவை வைத்து விற்பனைக்காக ஓயாமல் குட்டி ஈனச் செய்பவனுக்கும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும் நாயை வேட்டைக்கு ஏவுபவனுக்கும், கட்டிப்போட்டுப் பட்டினியிடுபவனுக்கும் இந்த நியாயம் பொருந்தாது. அவர்களிடம் இருப்பது உடைமையை அனுபவிக்கும் ஆசை. இழக்கத் தரியாமை இல்லை. அங்கே பிராணியை விலக்கி வைப்பதே அதற்குச் செய்யும் ரக்ஷணம். வறியவனையும் கொடியவனையும் பிரித்தறியாமல் இருவருக்கும் ஒரே தீர்ப்பு வழங்குவதுதான் தவறு.

மூன்றாம் வாதம் நம்மவர்களிடையே எழுவது: நாய் ஆசாரத்துக்கு விலக்கானதன்றோ? ஆம், விலக்கானதே. மடைப்பள்ளியிலும் திருவாராதனம் நடக்கும் இடத்திலும் அது புகலாகாது. தொட்டால் தீர்த்தமாடவேண்டும் என்பவர் அப்படியே ஆடட்டும். ஆசாரம் தொடுவதற்கும் இடத்துக்கும் வரம்பு கட்டுகிறது. இரக்கத்துக்கு வரம்பு கட்டவில்லை. கற்றறிந்த அந்தணன், பசு, யானை, நாய், நாயைத் தின்பவன் ஆகிய எல்லோரிடத்தும் ஞானிகள் ஸமமாகவே பார்க்கிறார்கள் என்று ஸ்ரீகீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் கண்ணன் அருளிச்செய்த இடத்துக்கு எம்பெருமானார் பாஷ்யமிடும்போது, வேறுபாடுகளெல்லாம் ப்ரக்ருதியைச் சேர்ந்தவை, ஆத்மஸ்வரூபம் எங்கும் ஞானமயமாய் ஒரே தன்மையது என்று விளக்குகிறார். உடம்பின் வேறுபாட்டுக்கு ஆசாரம். ஆத்மாவின் ஒற்றுமைக்குக் கிருபை. இரண்டையும் ஒருவரே ஒருசேரக் கைக்கொள்ளலாம்.

நம் பூர்வாசார்யர்கள் கைக்கொண்டே காட்டினார்கள். பாம்பின் வாயில் அகப்பட்ட தவளையின் குரலைக் கேட்ட கூரத்தாழ்வான், இது யார் அறிவதற்காக இப்படிக் கதறுகிறது என்று நெஞ்சுருகி மோஹித்தார் என்பது ஐதிஹ்யம். இன்னொரு ஐதிஹ்யம் பராசர பட்டரைப் பற்றியது. முயற்குட்டி ஒன்றைப் பிடித்துச் சென்ற வேடனைத் தாய்முயல் தொடர்ந்து வந்து வணங்குவதுபோல முன்னே விழுந்து கிடக்க, அவன் மனமிரங்கிக் குட்டியை விட்டுவிட்டானாம். இதைக் கேட்ட பட்டர் வியந்து உருகினார். அந்த முயல் சரணாகதி சாஸ்திரம் கற்றதன்று. அந்த வேடன் சரணமடைந்தவரைக் காக்கவேண்டும் என்ற விதியை அறிந்தவனும் அல்லன். அறியாத இருவரிடையே இது நடக்குமானால், எல்லாம் அறிந்த எம்பெருமானிடம் நமக்கு என்ன குறை என்று அவர் திருவுள்ளத்தில் ஓடியது. பிறர் துன்பம் கண்டு ஐயோ என்று நெஞ்சு இளகுவதே ஒருவனுக்கு வைஷ்ணவத்வம் உண்டு என்பதற்கு அடையாளம் என்று நஞ்சீயர் அருளிச்செய்வதும் ப்ரஸித்தம். அந்த இளக்கம் மனிதர் குரலுக்கு மட்டும் உரியது என்று அவர் வரையறுக்கவில்லை.

நான்காம் வாதம் நுட்பமானது: ப்ரபந்நனுக்கு இதனால் என்ன? மோக்ஷத்துக்கு உபாயம் எம்பெருமான் ஒருவனே. ஜீவதயை செய்து புண்ணியம் சேர்ப்பது நமக்கு எதற்கு? இவ்வாதம் பாதி உண்மை. புண்ணியத்துக்காகச் செய்தால் அது நம் நிலைக்குச் சேராது. ஆனால் சேஷனுக்குச் செயலே இல்லை என்பது நம் ஸித்தாந்தமன்று. ஸ்வாமியின் முகமலர்ச்சிக்காகச் செய்யும் கைங்கர்யம் உண்டு. தன் உடைமை ஒன்று வழியில் விழுந்து கிடக்கக் கண்டு, அதே உடையவனின் மற்றோர் அடிமை அதை எடுத்து நிறுத்துவது எந்த வகையில் உபாயாந்தரமாகும்? வைஷ்ணவனை அண்டி வாழும் உயிர் விலங்கானாலும் பறவையானாலும் அந்த அண்டுதலாலேயே பரமபதம் பெறும் என்று நம் பெரியோர் ப்ரமாணம் காட்டுவார்கள். அப்படியானால் ஒரு வீட்டு வாசலில் கிடக்கும் நாய்க்கும் அவ்வீட்டாருக்கும் உள்ள கட்டு, நாம் நினைப்பதைவிடப் பெரிய சங்கிலியின் ஒரு கண்ணி. காசில்லாத குறையால் அந்தக் கண்ணி அறுந்துபோக நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா? அயோத்தியில் வாழ்ந்தது என்ற ஒன்றையே பற்றாசாகக் கொண்டு புல்லையும் எறும்பையும்கூடப் பெருமாள் நற்பாலுக்கு உய்த்தார் என்று நம்மாழ்வார் திருவாய்மொழி ஏழாம் பத்தில் ஈடுபடுகிறார். புல்லும் எறும்பும் செய்த ஸாதனம் என்ன? உடையவனின் ஊரில் இருந்ததுதான்.

வாதங்கள் இவ்வளவில் நிற்க, செய்யும் வகையைப் பார்ப்போம். உலகில் இது புதிதன்று. 1917இல், போர்க்காலத்து லண்டனின் வறிய கிழக்குப் பகுதியான ஒயிட்சேப்பலில், மரியா டிக்கின் என்ற அம்மையார் ஒரு நிலவறையில் இலவசக் கால்நடை மருந்தகம் தொடங்கினார். ஏழைகளைக் காணச் சென்றவர், அவர்களின் வீடுகளில் நோயுற்றுக் கிடந்த பிராணிகளையும் கண்டார். பிராணியை எடுத்துச் செல்லாமல், கட்டணம் கொடுக்க இயலாதவர் தம் பிராணியைத் தாமே கொண்டுவந்து சிகிச்சை பெற்றுத் திரும்ப வழிசெய்தார். பி.டி.எஸ்.ஏ. என்ற பெயரில் அந்த அறநிலையம் நூறாண்டு கடந்து இன்றும் நடக்கிறது. நம் சென்னையில் கேப்டன் வி. சுந்தரமும் குடும்பத்தாரும் தம் வீட்டில் தொடங்கிய பணி, 1964இல் புளூ கிராஸ் ஆஃப் இந்தியாவாக வளர்ந்தது. தெருநாய்களைக் கொல்வதை விடுத்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் முறையை வற்புறுத்தி வந்த அமைப்பு அது. அம்முறையையே பின்னர் 2001ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும், அவற்றை மாற்றி வந்த 2023ஆம் ஆண்டு விதிகளும் ஏற்றன.

கரிசல் ஊர்களுக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஒவ்வோர் ஊரிலும் பாகவத கோஷ்டி ஒன்று, புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் தளிகைக்கென்று ஒதுக்குவதைப்போல ஒரு சிறு தொகையை இதற்கென்று ஒதுக்கினால் போதும். மருத்துவமனைக்கு வண்டிக்கூலி, வெளியில் வாங்கும் மருந்து, சித்திரை வைகாசியில் நாற்றும் தட்டையும் தீர்ந்துபோன வீட்டுக்கு ஒரு கட்டுத் தீவனம், ஆண்டுக்கொருமுறை வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம். இவற்றில் கடைசியானது ஊர் முழுவதையும் காப்பது. அந்நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. மனிதருக்கு அது வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்க்கடியால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் தொடர் அறுந்துவிடும் என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கு. போற்ற வழியின்றி நான்குவழிச் சாலையோரத்தில் விடப்படும் நாய், நாளை பள்ளிப்பிள்ளையைக் கடிக்கும் நாயாகிறது. மூதாட்டியின் கையில் அதை நிறுத்திவைப்பது அப்பிள்ளைக்கும் செய்யும் உபகாரம்.

இன்னொன்று மிக முக்கியம். தனியாக வாழும் முதியவர்கள் ஆஸ்பத்திரியில் சேரவேண்டிய நாளில், ஆட்டையும் நாயையும் யாரிடம் விடுவது என்று தெரியாமல் சிகிச்சையையே தள்ளிப்போடுவதுண்டு. அவர்கள் திரும்பும்வரை அவற்றைப் பேணி, திரும்பியபின் ஒப்படைக்க நான்கு வீடுகள் முன்வரவேண்டும். பேணுபவருக்கு இருக்கவேண்டிய மனநிலைக்கு ஸ்ரீபரதாழ்வானே உதாரணம். பதினான்கு ஆண்டுகள் ராஜ்யத்தைத் தன்னதென்று எண்ணாமல் திருவடிநிலைகளின் பொருட்டுக் காத்து, உடையவர் திரும்பியபோது பண்டாரத்தைப் பத்துமடங்காக்கித் திருப்பிக் கொடுத்தான். நன்றாக வளர்த்துவிட்டேன், ஆகவே இனி இது என்னுடையது என்று அவன் சொல்லவில்லை.

கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். அந்த மூதாட்டியையும் நாயையும் வாசலில் நிறுத்திப் படமெடுத்து உலகுக்குக் காட்டுவது, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு ஒப்பாகும். நான் செய்தேன், இது என்னுடையது, இதன் பலன் எனக்கு என்ற மூன்றையும் விட்டே எதையும் செய்யவேண்டும் என்று நாம் நாள்தோறும் ஸாத்விக த்யாகம் அநுஸந்திக்கிறோமே, அது திருவாராதனத்தோடு நின்றுவிடலாமா? பெறுபவளையும் வெறும் ஏற்பவளாக வைக்கவேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஊருக்குப் போகும்போது அவள் ஆட்டுக்கு இவள் தண்ணீர் காட்டட்டும். சிருங்கிபேரபுரத்தில் பெருமாள் குகனிடம் கேட்டு வாங்கியதன் அழகே இதுதான். கொண்டுவந்த எல்லாவற்றையும் மறுத்துவிட்டால் தோழன் மனம் சுருங்கும் என்று, அவன் தரக்கூடிய ஒன்றை, அவன் தந்ததால் தாம் நிறைந்ததாக, வாங்கிக்கொண்டார்.

நாம் எவருக்கும் உடையவர் அல்லர் என்பதே நம் ஸித்தாந்தத்தின் முடிந்த பொருள். அந்த மூதாட்டி நாய்க்கு உடையவள். அவளுக்கும் நமக்கும் உடையவன் ஒருவன். உடைமைகளுக்குள் ஒன்று மற்றொன்றுக்கு உதவும்போது மேல்கை கீழ்கை என்பது இல்லை. ஆதலால் இதைத் தானம் என்று சொல்ல அடியேனுக்கு வாய் கூசுகிறது. ஒரே வீட்டுப் பொருள்களை அந்த வீட்டு வேலைக்காரர்கள் சிதறாமல் எடுத்து வைப்பது என்றே சொல்லத் தோன்றுகிறது.

இனி ஐப்பசியில் கரிசல் நனையும். விதைத்தவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். அந்நாளில் ஒரு வீட்டு வாசலில் ஆறிய காலோடு ஒரு நாய் எழுந்து நின்றால், அதைக் கண்டு ஒரு கிழவி சிரித்தால், கங்கைக் கரையில் அன்றிரவு பட்டினியோடு கண்வளர்ந்த பெருமாளுடைய திருவுள்ளம் உகக்கும். அந்த உகப்புக்குமேல் அடியார்களாகிய நமக்கு வேண்டுவது என்ன?

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்